எட்டு ஜன்னலுக்கும் திரை வேண்டும்

ஒரு பெண் தனியாக வேன் ஓட்டிக்கொண்டு ஊர் சுற்றினால் என்னென்ன கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். வரட்டும் என்றுதான் கிளம்பினேன்.

அரக்கோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி வீட்டில் எனக்கென்று ஓர் அறை உண்டு. அதற்குக் கதவும் உண்டு, தாழ்ப்பாள்தான் கிடையாது. இஸ்திரிப் பெட்டி என் அறையில், பரணுக்கு ஏறும் ஏணி என் அறையில், விருந்தாளிக்கு விரிக்கும் பாயும் என் அறையில். யாருக்கு எது வேண்டுமென்றாலும் கதவைத் தள்ளிக்கொண்டு வருவார்கள். நான் புடவை மாற்றிக்கொண்டிருந்தால், “பரவால்ல அத்தை, நான் பாக்கல” என்று சொல்லிக்கொண்டே வருவார்கள். ஒரு தாழ்ப்பாள் போடச் சொன்னேன். “உனக்கு என்னக்கா ரகசியம்?” என்று தம்பி சிரித்தான். ரகசியம் உள்ளவர்களுக்குத்தான் தாழ்ப்பாள் என்று எந்த ஊரில் சட்டம்? அந்தச் சிரிப்பு எனக்குச் சுருக்கென்று தைத்தது.

ஓய்வு பெற்ற கையோடு, பள்ளிக்கூடத்தில் கழித்துவிட்ட வேனை நானே வாங்கினேன். இருக்கைகளைப் பிடுங்கிவிட்டு ஒரு கட்டில், அடுப்பு வைக்க ஒரு மேடை, மூலையில் குளிக்கக் கொஞ்சம் இடம், அதற்குப் பக்கத்தில் மூடி போட்ட கழிப்பறை வாளி. மஞ்சள் வண்ணத்தை மாற்றி நீலம் அடித்தேன். கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் போதுமா என்று தச்சர் கேட்டார். இரண்டு போடுங்கள் என்றேன்.

ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. பள்ளிக்கூட வேன் என்பது பிள்ளைகள் வேடிக்கை பார்க்கவென்றே செய்த வண்டி. பக்கத்துக்கு நான்கு, மொத்தம் எட்டு ஜன்னல். உள்ளேயிருந்து ஊரைப் பார்க்கலாம் என்றால் ஊரும் உள்ளே பார்க்கும். இது எனக்கு மரக்காணம் வந்து சேர்ந்த பிறகுதான் உறைத்தது.

வைகாசி வெயில். கிழக்குக் கடற்கரைச் சாலையை விட்டு இறங்கி, உப்பளத்துக்கு நடுவே போகும் மண் பாதையில் வேனைத் திருப்பினேன். இரண்டு பக்கமும் பாத்தி பாத்தியாகத் தண்ணீர், வரப்பு நெடுகக் குவித்து வைத்த உப்பு. கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒரு மரம் கிடையாது, ஒரு புதர் கிடையாது. அரக்கோணத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு சுவர் முகத்தில் இடிக்கும். இங்கே வானம் தரைவரைக்கும் வந்து உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே ஓரம் கட்டியதில் பின் சக்கரம் சேற்றில் இறங்கிவிட்டது.

எதிரே ஒரு டீக்கடை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆண்கள் எழுந்து வந்து யோசனை சொன்னார்கள். “ரிவர்ஸ் எடும்மா.” “ரிவர்ஸ் எடுத்தா இன்னும் எறங்கும்பா, ஃபர்ஸ்ட்ல போடு.” “டிரைவர் எங்கம்மா?” நான்தான் டிரைவர் என்றேன். உடனே யோசனை இரண்டு மடங்காயிற்று. வண்டியில் கை வைக்க மட்டும் யாரும் வரவில்லை.

அப்போதுதான் உப்பளத்து வேலை முடிந்து பெண்கள் வரப்பில் வரிசையாக வந்தார்கள். புடவைக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டுச் சும்மாடு. முன்னால் வந்தவள் கூடையைக் கீழே வைத்துவிட்டு, “யக்கா, நீ ஸ்டேரிங்க மட்டும் நேரா புடி” என்றாள். ஏழெட்டுப் பேர் தோள் கொடுத்ததில் வேன் ஒரே மூச்சில் மேலே வந்தது. அவள் பெயர் அஞ்சலை. என் கழுத்தில் தொங்கிய விசிலைப் பார்த்து, “டிராஃபிக் போலீஸாக்கா?” என்று கேட்டாள். பி.டி. டீச்சர், பழக்கம் விடவில்லை என்றேன். அன்றிலிருந்து அங்கே எல்லோருக்கும் நான் டீச்சர் ஆனேன்.

டீக்கடைக்காரி ஆரோக்கியமேரி, கடைக்கு எதிரிலேயே கெட்டித் தரை இருக்கிறது, அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள் என்றாள். அவள் போடும் வடையில் பருப்புக்கு நடுவே பொடி இறால் கிடந்தது. நான் மூன்று வடை தின்று முடிப்பதற்குள் என் குலம் கோத்திரம் முழுவதும் விசாரித்துவிட்டாள்.

“ஒத்தையாவா வந்தீங்க?”

“ஆமா.”

“வூட்டுக்காரரு?”

“கல்யாணம் பண்ணிக்கல.”

“அப்ப பசங்க?”

“ஆயிரம் பேரு இருக்காங்க. எல்லாம் ஸ்கூல் பசங்க.”

அவள் சிரித்துவிட்டு நாலாவது வடையைக் கேட்காமலே தட்டில் வைத்தாள்.

வரும்போதே ஜன்னலுக்கு ஒரு ஏற்பாடு கொண்டுவந்திருந்தேன். ஆன்லைனில் வாங்கியது. ஒரு பக்கம் வெள்ளி முலாம் பூசிய பஞ்சுத் தகடு, நாலு மூலையிலும் ரப்பர் குமிழ். கண்ணாடியில் வைத்து அழுத்தினால் அட்டை மாதிரி ஒட்டிக்கொள்ளும். வெயிலும் உள்ளே வராது, பார்வையும் வராது என்று படம் போட்டிருந்தார்கள். எட்டையும் ஒட்டிவிட்டு, நிம்மதியாகப் படுத்தேன்.

காலையில் வெளியே பேச்சுக்குரல் கேட்டது. நான் ரவிக்கை மாற்றிக்கொண்டிருந்தேன். உப்புக் காற்று கண்ணாடியில் படிந்து பிசுபிசுத்திருக்கும்போல. ஒரு குமிழ் டப்பென்று விட்டது, பின்னாலேயே இன்னொன்று. தகடு சரிந்து கட்டிலில் விழுந்தது. கண்ணாடிக்கு வெளியே பத்துப் பேர் வரிசையில் நின்றிருந்தார்கள். முதலில் நின்ற பெரியவர் கையில் பிளாஸ்டிக் பை, அதற்குள் மருந்துச் சீட்டுகள். அவர் பின்வாங்கக்கூட இல்லை. கண்ணாடியைத் தட்டி, “எக்ஸ்ரே எப்பமா ஆரம்பிப்பீங்க?” என்று கேட்டார்.

வெள்ளித் தகடு அடைத்த நீல வண்டியைப் பார்த்து, நெஞ்சுப் படம் எடுக்கும் மருத்துவ முகாம் வண்டி என்று ஊரே நினைத்துவிட்டது. நான் போர்வையைச் சுற்றிக்கொண்டு விசிலை எடுத்து ஊதினேன். பள்ளிக்கூட மைதானத்தில் அந்த விசிலுக்கு ஐந்நூறு பேர் அசையாமல் நிற்பார்கள். இங்கே, கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து இன்னும் நாலு பேர் ஓடிவந்தார்கள்.

எக்ஸ்ரே இல்லை, முகாம் இல்லை, இது என் வீடு என்று இறங்கி நின்று சொன்னேன். பெரியவருக்கு நம்பிக்கை வரவில்லை. “சுகராவது பாத்து சொல்லுமா” என்றார்.

அன்றைக்கே மரக்காணம் கடைத்தெருவுக்குப் போனேன். காரில் கறுப்பு ஃபிலிம் ஒட்டும் கடையில் கேட்டேன். “ஒட்டித் தரேன் மேடம், மெயின் ரோட்டுல போலீஸ் பாத்தா கிழிச்சி கையில குடுப்பாங்க” என்றார். சரி, துணிதான் என்று ஒரு ஜவுளிக் கடைக்குள் நுழைந்தேன். கடை பாய் மரியாதையான மனிதர். ஆனால் ஜன்னல் அளவை நான் சொல்லச் சொல்ல, “வூட்ல சாரைக் கூட்டிக்கினு வாங்கம்மா, அளவு அவரு சொல்லட்டும்” என்றார்.

“சார் இல்ல பாய். அளவு நான்தான் எடுத்தேன். டேப் வேணுமா, காட்டவா?”

“கோச்சிக்காதீங்கம்மா. டார்க் கலரா பாருங்க. லைட் கலர்ல உள்ள வெளக்கு போட்டா சினிமா மாதிரி தெரியும்.”

அவர் சொன்னது சரி என்று அப்போதே பட்டது. ஆனால் சாரைக் கூட்டிவரச் சொன்னவர் பேச்சைக் கேட்க எனக்கு மனசு இல்லை. சந்தன நிறத்தில் பூப்போட்ட துணிதான் வேண்டும் என்று பிடிவாதமாக வாங்கினேன். பக்கத்துத் தையல்காரரிடம் மடித்து அடித்து, ஸ்பிரிங் கம்பியில் கோத்து மாட்டினேன். பார்க்க அவ்வளவு அழகு.

மறுநாள் டீ கொடுக்கும்போது ஆரோக்கியமேரி குரலைத் தாழ்த்தினாள். “டீச்சர், நேத்து நீங்க தல வாரினது, ஜாக்கெட் கழட்டினது, எல்லாம் நெழலு நெழலா தெரிஞ்சிது. பசங்க நாலு பேரு வரப்புமேல குந்திக்கினு இருந்தானுங்க. நான்தான் தொடப்பத்த எடுத்துக்கினு போயி வெரட்டினேன்.”

டீ டம்ளரை ணங்கென்று பெஞ்சில் வைத்தேன். வெட்கத்தினால் அல்ல, ஆத்திரத்தினால். சொந்தக் காசில் வாங்கிய சொந்த வண்டியில், இரண்டு தாழ்ப்பாளுக்கு உள்ளே உட்கார்ந்து தலை வாரினால் அதற்கும் ஒரு கூட்டமா? தம்பிக்குப் போன் செய்தால் திரும்பி வந்துவிடு என்பான். அதனால் செய்யவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு பாண்டிச்சேரிக்குப் போனேன்.

அங்கே கறுப்பு நிறத்தில் தடித்த துணி கிடைத்தது. ஓட்டல் அறைகளுக்குப் போடுவார்களாம், பகலில் மூடினாலும் உள்ளே இருட்டாகிவிடுமாம். கடைக்குக் கடை ஏறி இறங்கியதில் பசி. ஒரு நீள ரொட்டி வாங்கிக்கொண்டேன். திரும்பும் வழியில் பெரிய முதலியார்சாவடியில் ஒரு சின்ன மெஸ்ஸில் நிறுத்தி, அவர்கள் நண்டுக் குழம்பில் அந்த ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிட்டேன். பரிமாறின அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு தனக்கும் ஒரு துண்டு பிய்த்துத் தரச் சொல்லித் தின்று பார்த்து, “நல்லாத்தான் இருக்குது” என்றாள்.

மெஸ் வாசலிலேயே புதுத் திரைகளை மாட்டி எட்டையும் இழுத்து மூடிவிட்டேன். அதுதான் தப்பாகப் போயிற்று. கீழ்புத்துப்பட்டு தாண்டும்போது சோதனைக்கு நிறுத்தினார்கள். பாண்டிச்சேரிப் பக்கமிருந்து வரும் வண்டியில், அதுவும் ஜன்னலையெல்லாம் கறுப்புத் துணியால் மூடிக்கொண்டு வரும் வண்டியில், பாட்டிலைத் தவிர வேறு என்ன இருக்க முடியும்?

“ஸ்கிரீன தொறங்கம்மா.”

“பாருங்க. ஆனா லேடி போலீஸ் வந்து பாக்கட்டும். உள்ள என் துணிமணி இருக்குது, பெட்ரூம் சார் இது.”

“லேடி போலீஸ் இல்லம்மா இப்ப. வர நேரமாவும்.”

“எனக்கு அவசரம் இல்ல.”

எஞ்சினை அணைத்துவிட்டு மீதி ரொட்டியைக் கடிக்க ஆரம்பித்தேன். பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. அந்தக் காவலர் இளைஞர்தான், முகத்தில் கோபத்தைவிடக் குழப்பம்தான் அதிகம். “மறைக்க ஒண்ணும் இல்லன்னா எதுக்கும்மா ஸ்கிரீன்?” என்றார்.

“உங்க வூட்டு பாத்ரூம்ல என்னத்த மறைக்கறீங்கன்னு கதவ சாத்தறீங்க?”

பக்கத்தில் பைக்கில் நின்றவர் சத்தமாகச் சிரித்துவிட்டார். காவலருக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். அரை மணி நேரம் போல ஆயிற்று. ஒரு பெண் காவலர் வந்து உள்ளே ஏறி, கட்டில், அடுப்பு, வாளி எல்லாம் பார்த்தார். இறங்கும்போது என்னிடம் மட்டும் கேட்கும்படி, “உள்ள தாழ்ப்பா ரெண்டு போட்டிருக்கீங்களே மேடம், சூப்பர்” என்று சொல்லிவிட்டுப் போனார். தாழ்ப்பாளின் அருமை அவருக்காவது தெரிந்ததே என்று எனக்குச் சந்தோஷம்.

கறுப்புத் துணி வேலை செய்தது. ஆனால் உப்பளத்துக் காற்று சும்மா விடுமா? ஜன்னலைத் திறந்தால் திரை கொடி மாதிரி பறந்தது. மூடினால் உள்ளே இட்லிப் பானைக்குள் உட்கார்ந்த மாதிரி புழுங்கியது. ஸ்பிரிங் கம்பியில் அதற்குள் துரு ஏறி, துணியில் பழுப்புக் கோடு விழுந்துவிட்டது. கம்பியைத் தூக்கி எறிந்துவிட்டு, ஆரோக்கியமேரி கொடுத்த நைலான் மீன்வலைக் கயிற்றை மேலே ஒன்று கீழே ஒன்றாக இழுத்துக் கட்டி, துணியை இரண்டுக்கும் நடுவில் பிடித்தேன். ஜன்னல் திறந்திருந்தது, காற்று வந்தது, திரை அசையவில்லை. அன்று மத்தியானம் வேன் மூலையில் உட்கார்ந்து ஒரு வாளித் தண்ணீரில் நிதானமாகக் குளித்தேன். யாரும் கதவைத் தள்ளவில்லை, யாரும் “நான் பாக்கல” என்று சொல்லவில்லை. எனக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில்தான்.

தலை துவட்டும்போது கதவு தட்டப்பட்டது. அஞ்சலை நின்றிருந்தாள். உப்புத் தண்ணீரில் ஊறி, வெயிலில் காய்ந்து, அவள் புடவைக் கரை விறைத்துப்போய் இருந்தது. காலெல்லாம் வெடிப்பு. கையில் ஒரு துணிப் பை.

“டீச்சர், தப்பா நெனச்சிக்காதீங்க. அஞ்சி நிமிசம் உள்ள வரட்டுமா? துணி மாத்தணும்.” கொஞ்சம் நிறுத்தி, “இன்னைக்கு ரெண்டாம் நாளு” என்றாள்.

நான் இறங்கி வெளியே நின்றேன். அவள் தாழ்ப்பாளைப் போடும் சத்தம் இரண்டு முறை கேட்டது. அப்போதுதான் உப்பளத்தைச் சுற்றிலும் பார்த்தேன். வந்த அன்றைக்கு எவ்வளவு திறந்த வெளி என்று வாயைப் பிளந்தேனே, அதே வெளி. நாற்பது ஆண்கள் பார்க்கிற இந்த வெட்டவெளியில், மாதத்தில் அந்த நாட்களில் ஒரு பெண் எங்கே போவாள்?

அவள் வெளியே வந்ததும் செம்பில் தண்ணீர் கொடுத்தேன். உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டு திருப்பித் தந்தாள்.

“இன்னும் குடி. வெயில்ல இவ்ளோ நேரம் நின்னிருக்க.”

“வேணாம் டீச்சர். இன்னும் ரெண்டு பாத்தி உப்பு செமக்கணும். தண்ணி குடிச்சா ஒண்ணுக்கு வரும். எங்க போறது? வூட்டுக்குப் போயிதான் குடிப்போம். எல்லாரும் அப்படித்தான்.”

இதை அவள் புகார் மாதிரி சொல்லவில்லை. உப்பு கரிக்கும் என்று சொல்வது மாதிரி சொன்னாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. நாளையிலிருந்து எல்லோரும் என் வண்டிக்கு வாருங்கள், வாளியும் இருக்கிறது, தண்ணீரும் இருக்கிறது என்றேன். வாளியைக் கொட்ட ஆரோக்கியமேரி ஊருக்குள் இருக்கும் தன் வீட்டுக் கக்கூஸைத் திறந்துவிட்டாள். வேலையின் நடுவில் ஓடிப்போய்வர அந்த வீடு பெண்களுக்கு எட்டாத தூரம்.

மறுநாள் வந்தார்கள். ஆனால் பெண்கள் ஒவ்வொருத்தியாக வேனுக்குள் போய் வருவதைப் பார்த்து டீக்கடை பெஞ்சு நிரம்பிவிட்டது. உள்ளே என்ன நடக்கிறது என்று கண்டுபிடிக்காமல் அவர்களுக்குத் தூக்கம் வராது போலிருந்தது. ஒருவன் திரையின் ஓரத்தை விரலால் தள்ளிப் பார்க்க வந்தான். விசிலை அவன் காதருகே ஊதினேன். சிரித்துக்கொண்டே போனான். ஒரு பெண் பாதியிலேயே திரும்பிப் போய்விட்டாள்.

சாயங்காலம் அஞ்சலை ஒரு கொத்து வேப்பிலை கொண்டுவந்து வேன் கதவின் கைப்பிடியில் கட்டினாள். அம்மை போட்டிருக்கும் வீட்டு வாசலில் கட்டுவது போல.

“எனக்கு எங்க அம்மை இருக்குது?” என்று கேட்டேன்.

“உனக்கு இல்ல டீச்சர். வண்டிக்கு. இப்ப பாரு, எவனும் கிட்ட வரமாட்டான்.”

பொய் சொல்லி ஒளிந்துகொள்வது எனக்குப் பிடிக்காது. நல்லபடியாகக் கயிறு கட்டி, தடித்த துணி மாட்டி, ஊருக்கே கேட்கும்படி சண்டை போட்டு வாங்கிய மறைவு இது. இதற்கு எதற்கு அம்மன் பேரில் ஒரு பொய்? ஆனால் அந்தப் பெண்களின் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன். உண்மையைச் சொல்லவும் வேண்டும், இத்தனை நாளாக நான் வாங்கிப் போட்ட துணிகள் செய்யாததை ஒரு கைப்பிடி இலை செய்தது. பெஞ்சு காலியாயிற்று. பைக்கில் போனவர்கள் வேனுக்கு நேராக வரும்போது வேகத்தைக் குறைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்கள். யாரோ வாசலில் இரண்டு இளநீரும் நாலு நுங்கும் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். எக்ஸ்ரே கேட்ட பெரியவர் தூரத்தில் நின்று, “ஒடம்ப பாத்துக்கம்மா” என்று குரல் கொடுத்தார். இளநீரைக் குடிக்கும்போது எனக்குக் கொஞ்சம் குற்றவுணர்வாகத்தான் இருந்தது. குடித்தேன்.

ஆனால் அம்மை என்றால் பயம் எல்லோருக்கும்தானே? பக்கத்துப் பாத்தி ஆட்கள் இந்த வழியாக வேலைக்கு வர மறுத்துவிட்டார்கள். அதனால் மேஸ்திரி தனபால் மொபெட்டில் வந்து இறங்கினார். உப்பளத்தில் ஆள் வைப்பதும் நிறுத்துவதும் அவர்தான். அவர் வந்ததைப் பார்த்து டீக்கடை பெஞ்சும் மறுபடி நிரம்பியது. காலை வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. கிழக்கே மேகம் திரண்டிருந்தது, வாரிக் குவித்த உப்பை மழைக்கு முன்னால் கரையேற்ற வேண்டும்.

“வண்டியில யாருக்கும்மா அம்மை?” என்று பத்தடி தள்ளி நின்றே கேட்டார்.

நான் கதவுக்குக் குறுக்கே நகர்ந்து நின்றேன். இல்லை என்றால் பெண்கள் மாட்டிக்கொள்வார்கள். ஆமாம் என்றால் நான் போக வேண்டியதுதான்.

“ஒட்டிக்கிற வியாதி. ஆளுங்க வர மாட்டேங்கறாங்க. வண்டிய எடுங்க மொதல்ல.”

“இது ரோட்டுப் பொறம்போக்கு. உங்க எடம் அந்தக் கல்லோட முடிஞ்சிடுது. நான் எடுக்க மாட்டேன்.”

“ஏம்பா, யாராவது அந்த வேப்பிலைய அவுத்துடுங்கப்பா. அது இருந்தா போலீஸ்கூட வண்டிய தொட மாட்டாங்க.”

டீக்கடையிலிருந்து ஒருவரும் அசையவில்லை. கட்டிய வேப்பிலையை அவிழ்க்க யாருக்குத் தைரியம் வரும்? மேஸ்திரியே இரண்டடி முன்னால் வந்து, கை நீட்டி, மறுபடி இழுத்துக்கொண்டார்.

வரப்பில் உப்புக் கூடையோடு வந்துகொண்டிருந்த அஞ்சலை நின்றாள். கூடையை இறக்கி வைத்தாள். வேகமாக வந்து, முடிச்சைத் தானே அவிழ்த்து, வேப்பிலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கையில் வைத்துக்கொண்டாள்.

“யாருக்கும் அம்மை இல்ல மேஸ்திரி. நான்தான் கட்டினேன். உள்ள நாங்க துணி மாத்தறோம். ஒண்ணுக்குப் போறோம். ஆத்தா பேர்ல பொய் சொன்னதுக்கு ஆத்தா என்னைக் கேக்கட்டும். நீ கேக்காத.”

பெஞ்சில் இருந்த ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். மேஸ்திரிக்கு முகம் சிவந்துவிட்டது. “இத்தினி வருசமா இல்லாதது, இப்ப இன்னா புதுசா?” என்றார்.

“இத்தினி வருசமா நீ கேட்டியா? உப்பு மேல நாலு தூத்தல் விழுந்தா தார்ப்பாய் போட்டு மூடறியே. அதுல ஒரு கிழிஞ்ச துண்டு எடுத்து நாலு கழி நட்டு எங்களுக்குக் கட்டினியா?”

“வாய் நீளுது அஞ்சலை. நாளைக்கு வேலைக்கு வராத நீ.”

அவள் வேப்பிலையை இடுப்பில் செருகிக்கொண்டாள். வரப்பில் அவளுக்குப் பின்னால் வந்த பெண் கூடையை இறக்கினாள். அதற்குப் பின்னால் வந்தவளும் இறக்கினாள். வரப்பு நெடுக ஒவ்வொரு கூடையாக இறங்குவதை நான் பார்த்தேன். மேஸ்திரியும் பார்த்தார், பிறகு கிழக்கே மேகத்தைப் பார்த்தார். விசில் என் வாய்வரைக்கும் வந்துவிட்டது. இது என் சண்டை அல்ல என்று கீழே விட்டேன்.

“சரி, சரி. வேலைய பாருங்க, மழை வருது” என்றார் மேஸ்திரி. நாளைக்கு வராதே என்று சொன்னதை அவர் திரும்பச் சொல்லவில்லை. வண்டியை எடு என்றும் சொல்லவில்லை. மொபெட்டைத் தள்ளிக்கொண்டு போய் டீக்கடை ஓரமாக நிறுத்தி, அங்கேயே நின்றார்.

பெண்கள் யாரும் கூடையைத் தொடவில்லை. அஞ்சலை என் பக்கம் திரும்பினாள்.

“டீச்சர், தண்ணி குடு.”

உள்ளே இருந்த குடத்திலிருந்து செம்பு நிறைய மொண்டு கொடுத்தேன். அவள் மேஸ்திரியைப் பார்த்தபடி திரும்பி நின்று, அண்ணாந்து மடக் மடக்கென்று குடித்தாள். சட்டையெல்லாம் நனைந்தது. ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு செம்பை என்னிடம் நீட்டினாள்.

“இன்னொண்ணு குடு” என்றாள்.

அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் வந்து நின்றார்கள். குடம் காலியாகும்வரை ஊற்றினேன்.